உருகுநிலை 168

— அவுரு இல்லீங்க. இதோட மூணு வாட்டி சொல்லிட்டேன்.

— எப்ப வருவாருன்னு மட்டும் சொல்லுங்கக்கா. நான் பஸ் ஸ்டாண்டுல உக்காந்துட்டு மறுபடி வர்றேன். காலையில ஆறு மணிக்கு வாணியம்பாடியில கெளம்புனது. ஆலங்காயத்துல பஸ் மாறி, மலை ஏறி, அல்லா, எறங்குனா இங்க சந்தை நாளு. இந்த எடத்த கண்டுபுடிக்கவே அரை மணி நேரம் ஆச்சு.

— உக்காருமா. இந்தா தண்ணி. உனக்கு இன்னா சர்டிபிகேட்டு வேணும்? வருமானமா, சாதியா? அவுரு எதுக்கு? இந்த இ-சேவை மையத்துல எல்லாம் நான்தான் அடிச்சுக் குடுக்கறேன். என் பேரு திரௌபதி.

— சர்டிபிகேட் எதுவும் வேணாம்க்கா. நான் ராஜாக்கண்ணுங்கிறவர பார்க்கணும். இந்த அட்ரஸ்தான் குடுத்திருக்காரு. இ-சேவை மையம், ஜமுனாமரத்தூர்.

— எங்க குடுத்தாரு?

— எங்க வெப்சைட்டுல. என் பேரு ஷாஹீன். ரசாயனப் பொருளுங்களுக்கு நெட்டுல ஒரு தகவல் களஞ்சியம் இருக்குக்கா. உலகத்துல இருக்குற ஒவ்வொரு பொருளுக்கும் அதுல தனித்தனியா ஒரு பக்கம். அந்தப் பொருளப் பத்தி யாராவது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுனா, அத தேடிப் புடிச்சு, படிச்சு, இது அந்தப் பொருள்தானான்னு பார்த்து, அந்தப் பக்கத்தோட இணைக்கணும். அதுதான் என் வேல.

— பட்டாவோட பத்திரத்த இணைக்கற மாதிரி.

— பாருங்க, எங்க வூட்டுல ரெண்டு வருஷமா சொல்றேன், ஒருத்தருக்கும் புரியல. நீங்க ஒரே வார்த்தையில சொல்லிட்டீங்க. ஆமாக்கா, அதே மாதிரிதான். அதுல ராஜாக்கண்ணுன்னு ஒரு ஐடி இருக்கு. இந்த மலையில கெடைக்கிற ஒரு கொடி வேர்ல இருந்து பிரிச்ச பொருளோட பக்கம். அந்த ஐடியில இருந்துதான் அதுக்குக் கட்டுரையையும் இணைச்சிருக்காங்க. அத்தோட உருகுநிலைன்னு ஒரு நம்பரும் போட்டிருக்காங்க. அந்த நம்பராலதான் வம்பு.

— இன்னா வம்பு?

— உருகுநிலைன்னா, அந்தப் பொருள எத்தன டிகிரி சூடு பண்ணா உருகும்னு அர்த்தம். ஒரு பொருளுக்கு ஒண்ணுதான் இருக்க முடியும். இவரு நூத்தி அறுபத்தெட்டுன்னு போடுறாரு. கொஞ்ச நாள் கழிச்சுப் பார்த்தா நூத்தி எண்பத்தாறுன்னு மாறியிருக்கு. அப்புறம் மறுபடி நூத்தி அறுபத்தெட்டு. அஞ்சு வருஷமா இதே கூத்து. நாலு வாட்டி அப்பிடி, நாலு வாட்டி இப்பிடி. ஒரு வாட்டி ஐடி போட்டு வந்து மாத்துறது, ஒரு வாட்டி ஐடி போடாம வந்து மாத்துறது. மனுஷனுக்கு மனசு ஒரு நெலையில நிக்கலையான்னு எங்களுக்கே சலிச்சுப்போய், போன வாரம் அந்தப் பக்கத்த யாரும் தொட முடியாதபடி பூட்டிட்டோம்.

— அதான் இந்த வாட்டி மாத்த முடியலியா.

— என்னக்கா?

— ஒண்ணுமில்ல. நீ சொல்லு.

— மெயில் போட்டோம், ரெண்டு வாட்டி. பதிலே இல்ல. இந்த மாசக் கடைசிக்குள்ள பதில் வரலன்னா ஐடியையும் அந்த ஐடி போட்டது எல்லாத்தையும் எடுத்துடச் சொல்லி மேல இருந்து உத்தரவு. கட்டுரையோட இணைப்பும் போயிடும். அது போச்சுன்னா அந்தப் பக்கத்துல வேற ஒண்ணுமே இல்லக்கா, வெறும் படம்தான். எனக்கு மனசு வரல. அத இணைச்சிருந்த விதத்தப் பார்த்தேன். எத்தனாவது பக்கம், எத்தனாவது வரி, எந்தப் படம், எல்லாம் ஒண்ணு விடாம. சம்பளம் வாங்கறவங்ககூட அவ்வளவு அக்கறையா செய்ய மாட்டாங்க. பக்கத்து மலைதானே, நேர்லயே போய்க் கேட்டுடலாம்னு வந்துட்டேன்.

— வூட்டுல தெரியுமா?

— அம்மாகிட்ட ஜவுளி எடுக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன்.

— நல்ல பொண்ணு.

— இன்னொரு சந்தேகமும் இருக்குக்கா. அந்தக் கட்டுரைய எழுதுனவங்க மூணு பேரு. அதுல ராஜாக்கண்ணு இல்ல. அப்ப இவரு யாரு? எந்த உரிமையில நம்பர் போடுறாரு? அதையும் அவர்கிட்டதான் கேக்கணும்.

— கட்டுரை உன்கிட்ட கீதா?

— போன்ல இருக்கு.

— கடைசிப் பக்கம் போ. நன்றின்னு ஒண்ணு வரும். இங்கிலீசுல கீது, நீயே தமிழ்ல சொல்லு.

— இருங்க... 'மலைப்பகுதியிலிருந்து வேர்களைச் சேகரித்துக் கொடுத்த உள்ளூர்த் தொழிலாளி ராஜாக்கண்ணுவுக்கு ஆசிரியர்கள் நன்றி தெரிவிக்கின்றனர்.' ஓ. வேர் எடுத்துக் குடுத்தவரா?

— தொழிலாளி.

— அக்கா?

— நாலு வருஷம் அந்த லேப்ல ஆராய்ச்சி மாணவர்மா அவுரு. இந்த மலையில இருந்து அந்தப் படிப்புக்குப் போன மொத ஆளு. அந்தக் கொடி மாட்டுப் புண்ணுக்கு நாங்க அரைச்சுப் போடறது. அதுல இன்னாதான் கீதுன்னு பார்க்கணும்னு கெளம்புனவரு அவுரு. வேரைத் தோண்டுனதும் அவுரு, காய வெச்சு இடிச்சதும் அவுரு, கண்ணாடிக் குழாயில சொட்டுச் சொட்டா எறக்கிப் பிரிச்சதும் அவுரு. கடைசியா வெள்ளையா ஒரு பொடி வந்துச்சாம், நகத்து நுனி அளவு. 'திரௌபதி, உப்பு மாதிரி மின்னுது'ன்னு போன்ல சொன்னாரு. அப்ப எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாசம்.

— அப்ப பேரு ஏன் வரல?

— ஆராய்ச்சிக்குக் கைடா இருந்த ஆளுக்கு வேண்டியவங்க ரெண்டு பேரு பேரப் போட வேண்டியிருந்துச்சாம். உன் பேர அடுத்ததுல போடலாம்னாராம். போடாம வுட்டிருந்தாகூட ஆறியிருப்பாரு. அந்தத் தொழிலாளின்னு போட்டாங்க பாரு. சண்டை போட்டாரு. படிப்பு போச்சு. மூட்டையக் கட்டிக்கினு வூட்டுக்கு வந்துட்டாரு.

— அவரு உங்க வூட்டுக்காரரா?

— ஆமாம்மா.

— மன்னிச்சிடுங்கக்கா. கூத்து அது இதுன்னு ஏதேதோ பேசிட்டேன்.

— அத்த வுடு. உனக்கு எப்பிடித் தெரியும்?

— இப்ப அவரு எங்க இருக்காரு?

— தெரியாது. வூட்ட வுட்டுப் போயி ஒம்பது வருஷமாச்சு.

— அல்லா.

— ஒடுகத்தூர் போய்ட்டு வர்றேன்னு பஸ் ஏறுனாரு. சாமை அரைக்கற மில்லுல வேலைக்கு இருந்தாரு அப்ப. மிஷினுக்கு பெல்ட்டு வாங்கணும்னாரு. பெல்ட்டு கடைக்கே போகலன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. போலீசுல எழுதிக் குடுத்தோம். கணியம்பாடி, வேலூர், பெங்களூரு வரைக்கும் தேடுனோம். அமிர்தி காட்டுல ஒரு பொணம் கெடக்குதுன்னு கூப்புட்டாங்க. போய்ப் பார்த்தோம். அவுரு இல்ல. எங்க மாமியாரு அவுருதான்னு அழுதாங்க, நான் இல்லன்னு சொன்னேன். பல்லு வேற, வெரல் வேற. எனக்குத் தெரியாதா?

— அன்னிக்குக் காலையில எதுவும் சொல்லலியா அவரு?

— சொன்னது நான். தெனம் சாயந்திரம் மில்லுல இருந்து வந்து போனத் தொறந்து அந்தப் பக்கத்தத்தான் பார்ப்பாரு. உன் களஞ்சியத்தத்தான். அந்தப் பொருளுக்கு ஒரு பக்கம் கீது, நம்ம கட்டுரை அதோட சேரலியேன்னு பொலம்புவாரு. வெளியாளுங்க சேர்க்கறதுக்கு அப்ப வழி இல்லியாம். என் பேரு இல்லாட்டிப் போகுது, அந்தக் கட்டுரையாவது சேரட்டும், பின்னாடி வர்றவனுக்கு ஒதவும்னு சொல்லுவாரு. அன்னிக்குக் காலையில வூட்டுல அரிசி இல்ல. அப்பவும் போனக் கையில வெச்சிக்கினு உக்காந்திருந்தாரு. நான் சொல்லிட்டேன். 'அந்தப் பக்கத்துலயே போய்க் குடியிரு, இங்க எதுக்கு இருக்கற'ன்னு.

— கோவத்துல சொல்றதுதானேக்கா.

— அவுரு எதையும் கோவம், வெளையாட்டுன்னு பிரிச்சுப் பார்க்க மாட்டாருமா. சொல்லுன்னா சொல்லு, நம்பர்னா நம்பர். எங்க கல்யாணப் பத்திரிகையில ஜமுனாமரத்தூர்ல ஒரு 'ர' வுட்டுப்போச்சு. முன்னூறு பத்திரிகையும் திண்டிவனத்துல அடிச்சு வந்துடுச்சு. அவுரு பேனா எடுத்துக்கினு உக்காந்து முன்னூறுலயும் திருத்துனாரு. 'மாப்பிள்ளைக்கு வேற வேலையே இல்லியா'ன்னு எங்க சித்தப்பா கேட்டாரு. அதுக்கு இவுரு, 'தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்பிடிங்க அத்த அடுத்தவங்க கையில குடுக்கறது'ன்னாரு. எனக்கு அப்பத்தான் அவர ரொம்பப் புடிச்சுப்போச்சு.

— அண்ணி! உள்ள கீறீங்களா?

— வா பஞ்சாட்சரம். இது ஷாஹீன், வாணியம்பாடியில இருந்து வந்திருக்கு. ஷாஹீன், இது என் கொழுந்தன்.

— வணக்கம்மா. அண்ணி, கையெழுத்து போட்டு வெச்சிட்டீங்களா? வக்கீலு ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டாரு. திங்கக்கிழமை கோர்ட்டுல குடுக்கணும்.

— படிச்சுக்கினு கீறேன் தம்பி.

— ஒரு மாசமா படிக்கறீங்க. அதுல இன்னா இருக்குன்னு உங்களுக்குத் தெரியாததா? ஊர்ல ஒருத்தரு செத்தா சர்டிபிகேட்டு அடிச்சுக் குடுக்கறதே நீங்கதான்.

— மத்தவங்களுக்கு அடிக்கறேன்.

— எனக்கு மட்டும் ஆசையா அண்ணி? என்னைத் தோள்ல தூக்கிக்கினு ஆலங்காயம் சந்தைக்கு நடந்தவன் எங்கண்ணன். ஏழு வருஷத்துக்கு மேல ஒரு சேதியும் இல்லன்னா கோர்ட்டே செத்துட்டாருன்னு எழுதிக் குடுக்குது. நம்ம எழுதல, சட்டம் எழுதுது. அம்மாவுக்குக் கண்ணு போயிடுச்சு, படுக்கையில கீறாங்க. அவங்க இருக்கறப்பவே மவனுக்கு ஒரு காரியம் பண்ணிடணும்னு கேக்கறாங்க. ஒரு படையல் வெக்கணும், அவ்ளோதான். நீங்களும் இன்னும் எத்தன நாளைக்கு இப்பிடியே...

— சாயந்திரம் வா தம்பி.

— சாயந்திரம் நிச்சயமா?

— நிச்சயமா போட்டுக் குடுத்துடறேன். இந்தப் பொண்ணு ரொம்ப தூரத்துல இருந்து வந்திருக்கு, பேசி அனுப்பிடறேன்.

— சரிங்க அண்ணி. சந்தையில புளி எறக்கிட்டு நாலு மணிக்கு வர்றேன். வர்றேன்மா.

— நெசமாவே போடப் போறீங்களாக்கா?

— போடத்தான் வேணும். அவன் கெட்டவன் இல்லமா. ஒம்பது வருஷத்துல ஒரு நாளு கூட என்ன ஒரு சொல்லு சொன்னதில்ல. அந்தக் கெழவியும் பாவம். எனக்காகத்தான் எல்லாரும் நிறுத்தி வெச்சிக்கினு கீறாங்க. நானும் பண்றது எல்லாம் பண்ணிப் பார்த்துட்டேன்.

— என்ன பண்ணீங்க?

— உன்கிட்ட சொல்றதுக்கு இன்னா. அந்த ஐடி நான்தான்மா. நீங்க போட்ட மெயிலும் எனக்குத்தான் வந்துச்சு, இன்னான்னு பதில் எழுதறதுன்னு வுட்டுட்டேன்.

— நீங்களா?

— கொரோனா அப்ப சென்டர மூடி வெச்சிருந்தோம். கம்ப்யூட்டரு கீது, நெட்டு கீது, ஆளு இல்ல. அந்தப் பக்கத்தத் தொறந்து பார்த்தேன். அப்பவும் கட்டுரை சேராம வெறுமனே கெடந்துது. எனக்குக் கெமிஸ்ட்ரி தெரியாதுமா, நான் பி.ஏ. ஆனா ஃபாரம் நெரப்பத் தெரியும். பன்னெண்டு வருஷமா அதானே பண்றேன். அவுரு பேருலயே ஐடி போட்டேன். அவுரு ஆசப்பட்ட மாதிரி கட்டுரைய சேர்த்தேன். ஏழு நாளு ஆச்சு, ஒவ்வொரு வரியா எழுத்துக்கூட்டி.

— அவ்வளவு நல்லா இணைச்சது கெமிஸ்ட்ரியே தெரியாதவங்களா! நான் எம்.எஸ்சி. முடிச்சிட்டு அதப் பார்த்து அசந்துபோனேன்க்கா. எனக்கும் லேப்ல சேரணும்னுதான் ஆசை. வெளியூரு அனுப்ப மாட்டேன்னுட்டாங்க. ஒரு ரூம்ல உக்காந்துக்கிட்டு ஊரு பேரு தெரியாதவங்க கட்டுரைய எல்லாம் இணைக்கிறேன். என்னிக்காவது அதுல ஒண்ணுல என் பேரு வராதான்னு இருக்கும்... அத விடுங்க. அந்த நம்பர் எங்க இருந்து வந்துச்சு? கட்டுரையில உருகுநிலையே குடுக்கலையே.

— அவுரு நோட்டுல இருந்து. பீரோவுல பூட்டி வெச்சிருந்தேன். இரு, இன்னிக்கு வக்கீலுக்கு அவுரு கையெழுத்து வேணும்னாங்கன்னு கொண்ணாந்தேன். இந்தா. இந்தப் பக்கம் பாரு.

— எவ்வளவு அழகா எழுதியிருக்காரு. அடித்தல் திருத்தலே இல்ல. மூணு வாட்டி உருக்கிப் பார்த்திருக்காரு. நூத்தி எண்பத்தாறு, நூத்தி எண்பத்தாறு, நூத்தி எண்பத்தாறு. அக்கா, அப்ப இதுதானே சரி? நூத்தி அறுபத்தெட்டுன்னு ஏன் போட்டீங்க? மாத்தி அடிச்சிட்டீங்களா?

— நான் எந்த ஃபாரத்துலயும் நம்பர மாத்தி அடிச்சது இல்லமா.

— பின்ன?

— வேணும்னே போட்டேன்.

— வேணும்னேவா?

— அவுருக்குத் தப்பு பொறுக்காது. எங்க இருந்தாலும் அந்தப் பக்கத்தப் பார்க்காம இருக்க மாட்டாரு, அது எனக்குத் தெரியும். அவுரு பேரப் போட்டு, அவுரு பொருளுக்கு, தப்பா ஒரு நம்பரு. பார்த்தா கை சும்மா இருக்குமா? யாருடா இதுன்னு கேட்டு ஒரு வரி எழுதுவாரு. திட்டியாவது எழுதுவாரு. அட்ரஸ் இந்த சென்டரு. அதுக்குத்தான் போட்டேன். போட்டுட்டு தெனம் காலையில சென்டரத் தொறந்ததும் மொத வேலையா அந்தப் பக்கத்தத்தான் பார்ப்பேன். சாமி படத்துக்குப் பூ வெக்கறதுகூட அப்புறம்தான்.

— அக்கா...

— உன்ன ஒண்ணு கேக்கணும்மா. கோவிச்சுக்காத. நீங்க ஏன் திருத்துனீங்க?

— நாங்களா?

— உங்க ஆபீசுலதான். ஒவ்வொரு வாட்டியும் ஏழெட்டு மாசம் காத்துக் கெடப்பேன். ஒரு நாளு பார்த்தா நூத்தி எண்பத்தாறுன்னு சரியாயிருக்கும். எனக்கு அழுகையா வரும். இவங்க எதுக்கு நடுவுல வந்து திருத்தறாங்க, இவங்க திருத்திட்டா அவுரு இன்னாத்தத் திருத்துவாருன்னு. மறுபடி தப்பாக்குவேன். மறுபடி நீங்க சரியாக்குவீங்க. உங்க மேல தப்பு இல்ல, உங்க வேல அது. ஆனா அவுரு பார்க்கறதுக்கு முந்தி நீங்க பார்த்துட்டீங்கம்மா. நாலு வாட்டியும்.

— அக்கா, ஒரு நிமிஷம் இருங்க. நீங்க போட்டது நூத்தி அறுபத்தெட்டு மட்டும்தானா?

— ஆமா.

— ஐடி போடாம வந்து நூத்தி எண்பத்தாறுன்னு மாத்துனது நீங்க இல்லியா?

— நான் ஏன் மாத்தப் போறேன்? அதான் நீங்க உருக்கிப் பார்த்துட்டு மாத்துறீங்களே.

— எங்க ஆபீசுல எதையும் உருக்க முடியாதுக்கா. ஒரு டெஸ்ட் ட்யூப் கூட கெடையாது. ஆறு பேரு, ஆறு லேப்டாப்பு, ஆளுக்கொரு ஊரு. நாங்க கட்டுரையில இருக்குறதத்தான் எடுத்துப் போடுவோம்.

— அப்ப கட்டுரையில...

— கட்டுரையில இந்த நம்பரே இல்ல. அந்தப் பொருளப் பத்தி வேற கட்டுரையும் இல்ல. உலகத்துல வேற யாரும் அத இதுவரைக்கும் பிரிச்சு எடுக்கல. நான் அலசித் தேடிட்டுத்தான் வந்தேன். இந்த நோட்ட வேற யாருக்காவது காட்டுனீங்களா? படம் எடுத்து யாருக்காவது அனுப்புனீங்களா?

— இல்லமா. பஞ்சாட்சரத்துக்குக்கூடக் காட்டல. இன்னிக்குத்தான் வூட்ட வுட்டு வெளியவே வருது.

— அந்த கைடு?

— அந்தச் சண்டையில அந்த ஆளு கேட்டும் இவுரு இந்த நோட்டத் தரவே இல்ல. உருக்கிப் பார்த்தது அந்த ஆளுக்குத் தெரியவே தெரியாது. ஏன்மா, போன எதுக்கு எடுக்கற?

— போன்ல சிக்னல் வரட்டும், இருங்க... வந்துடுச்சு. யாரு எப்ப மாத்துனாங்கன்னு வரிசையா இருக்கும். எங்க ஆளுங்க கை வெச்சா பக்கத்துல பேரு விழும். நூத்தி எண்பத்தாறா மாத்துன நாலு வாட்டியும் ஒரு பேரும் இல்ல.

— கடைசியா மாறுனது எப்ப?

— இந்த மாசம் மூணாந்தேதி, மத்தியானம் ரெண்டு பத்துக்கு. நாங்க திருத்தலக்கா.